மழைத்தரவுப் பைப்லைனில் கான்ஃபிக்: எந்த எண் எங்கே இருக்க வேண்டும்?

கேள்வியின் சுருக்கம் இது. வடகிழக்குப் பருவமழை பற்றி ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் கேட்கிறார். இந்திய வானிலைத் துறையின் 0.25 பாகைக் கட்டத் தரவை (நிலப்பரப்பைச் சதுரங்களாகப் பிரித்துத் தரும் மழை அளவு) எடுத்து, மாவட்டவாரியாக மழைநாள், கனமழை நாள், இயல்பிலிருந்து விலகல் எல்லாம் கணக்கிட, ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் 14 பைதான் ஸ்கிரிப்ட்கள் (பைப்லைன்) எழுதியிருக்கிறார். மழைநாளுக்கான வரம்பை 2.5 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டருக்கு மாற்றிப் பார்க்கச் சொன்னார் நெறியாளர். ஒன்பது இடத்தில் மாற்றினார். பத்தாவது இடம் கண்ணில் படவில்லை. அட்டவணை ஒன்று சொல்ல, வரைபடம் வேறொன்று சொன்னது. போதாக்குறைக்கு, லேப்டாப்பில் ஓடுவது பல்கலைக்கழக சர்வரில் ஓடுவதில்லை, கோப்புப் பாதைகள் உடைகின்றன. யாமல் (அமைப்புகளை எழுதும் எளிய உரைக்கோப்பு வடிவம்) கோப்பு ஒன்று ஏற்கெனவே வைத்திருக்கிறார். "யாமலா, டாட்-என்வ் கோப்பா, பைதானிலேயே ஒரு செட்டிங்ஸ் கோப்பா? எது சரி?"

நிரலின் அமைப்புகளை (கான்ஃபிக்) வைக்க மூன்றுமே ஓடும். எந்தக் கோப்பு என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த 14 ஸ்கிரிப்டிலும் கையால் எழுதிய ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொரு பாதையையும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதியபின் ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே கேள்வி: இதை மாற்றினால் ஆய்வறிக்கையில் அச்சாகும் எண் மாறுமா?

மாறும் என்றால் அது ஆய்வு முடிவு. மாறாது என்றால் அது உங்கள் கணினியின் சொந்த விவகாரம். இந்த இரண்டையும் ஒரே கோப்பில் போட்டுக் குழப்புவதுதான் நான் பார்த்த பெரும்பாலான சிக்கல்களின் வேர். ஸ்கிரிப்டின் தலையில் தரவு ஃபோல்டரின் பாதை, அதற்கு அடுத்த வரியில் மழைநாள் வரம்பு, அதற்கும் கீழே எத்தனை ப்ராசஸர் கோர் பயன்படுத்தலாம் என்று. சர்வருக்குப் போகும்போது பாதையை மாற்றப் போய், கூடவே வரம்பும் கைபட்டு மாறிவிடும். கிட்டில் (நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கருவி) பார்த்தால் இரண்டும் ஒரே கமிட்டில் (சேமிப்புப் பதிவில்), "பாதை திருத்தம்" என்ற குறிப்போடு இருக்கும்.

விடையை மாற்றும் அமைப்புகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். மழைநாள் வரம்பு வெளிப்படையானது: நம் வானிலைத் துறைக்கு 2.5 மி.மீ., பருவநிலைக் குறியீடுகளைக் கணக்கிடும் பன்னாட்டு வழக்கில் 1 மி.மீ. கனமழை 64.5 மி.மீ.யில் தொடங்குகிறது, மிகக் கனமழை 115.6இல். இவற்றையெல்லாம் நீங்களே தாளில் எழுதிவிடுவீர்கள். எழுத மறப்பவை வேறு.

இயல்பு மழையை (நீண்டகாலச் சராசரி) எந்த ஆண்டுகளை வைத்துக் கணக்கிடுகிறீர்கள்? வானிலைத் துறை 2022இல் தன் அடிப்படைக் காலத்தை 1961-2010இலிருந்து 1971-2020க்கு மாற்றியது. நாடு முழுமைக்குமான தென்மேற்குப் பருவ இயல்பு அதனால் 880.6 மி.மீ.யிலிருந்து 868.6 மி.மீ. ஆனது. ஒரு பருவத்தில் 874 மி.மீ. பெய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய இயல்பின்படி குறைவு, புதிய இயல்பின்படி கூடுதல். வானம் பெய்தது ஒன்றுதான். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே கூத்து நடந்தது: விலகல் அட்டவணை ஒரு அடிப்படைக் காலத்தில், வரைபடம் இன்னொன்றில். இரண்டும் ஒரே அறிக்கையின் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சாகிவிட்டன. தவறு என்னுடையதுதான், வரைபட ஸ்கிரிப்டை ஒரு பழைய திட்டத்திலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

அடுத்தது நாள். நம் மழைமானிகளில் காலை 8:30க்கு அளக்கிறார்கள். அதுவரையிலான 24 மணி நேர மழை அளந்த நாளின் கணக்கில் சேரும். 2015 டிசம்பர் 1 அன்று கொட்டிய பேய்மழை, தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ., டிசம்பர் 2ஆம் தேதியில்தான் பதிவாகியிருக்கிறது. செயற்கைக்கோள் மழைத்தரவோ, நாசாவின் ஐமெர்க் போல, உலகப் பொதுநேரப்படி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை நாள் கணக்கிடும். இரண்டையும் ஒப்பிடும் ஸ்கிரிப்ட் ஏதேனும் உங்களிடம் இருந்தால், "நாள் எப்போது தொடங்குகிறது" என்பதும் ஒரு செட்டிங்தான். எழுதவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது. ஏதோ ஒரு வரியில் மறைந்து உட்கார்ந்திருக்கும்.

மாவட்ட எல்லையும் அப்படியே. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. பழைய விழுப்புரத்தின் சராசரியும் கள்ளக்குறிச்சி பிரிந்தபின் உள்ள விழுப்புரத்தின் சராசரியும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. அதைவிட நுட்பமானது, கட்டத்தை மாவட்டத்துக்குள் எப்படிச் சேர்க்கிறீர்கள் என்பது. 0.25 பாகைக் கட்டம் நம் அட்சரேகையில் சுமார் 750 சதுர கிலோமீட்டர். சென்னை மாவட்டம் விரிவாக்கத்துக்குப் பிறகும் 426 சதுர கி.மீ.தான், ஒரு கட்டத்துக்கே போதாது. கட்டத்தின் மையப்புள்ளி மாவட்டத்துக்குள் விழுந்தால் மட்டும் சேர்ப்பதா, பரப்புக்கேற்ற எடை கொடுத்துச் சேர்ப்பதா என்பதைப் பொறுத்துச் சென்னையின் எண் நன்றாகவே மாறும். உங்கள் நிரலில் இது ஏதோ ஒரு ஃபங்ஷனின் மூன்றாவது ஆர்கியுமென்ட்டாக, யாரும் தொடாத டீஃபால்ட் மதிப்பாக இருக்கும். அதைத் தாளுக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டு பக்கமும் சேராத சிலவும் உண்டு. கட்டத் தரவில் மதிப்பு இல்லாத இடத்தில் -999 இருக்கும். முழுத் தரவின் அளவு 135க்கு 129 கட்டங்கள். இவற்றை மாற்றிப் பார்க்க யாருக்கும் எந்தக் காரணமும் இல்லை. அவை தரவு மூலத்தின் குணங்கள். தரவைப் படிக்கும் மாட்யூலிலேயே, பெயர் வைத்து, ஒரே இடத்தில் எழுதிவிடுங்கள். எல்லா எண்ணையும் கான்ஃபிக்குக்கு ஏற்றிவிட வேண்டும் என்ற ஆர்வம் முதல் வாரத்தில் எல்லோருக்கும் வரும். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர் என்பதைக்கூடச் செட்டிங்ஸில் வைத்திருந்த திட்டம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். மாற்ற முடியாததை மாற்றலாம் என்று சொல்லும் கோப்பு, படிப்பவரைக் குழப்பும். மாவட்டப் பெயர்களின் வெவ்வேறு ஆங்கில எழுத்துக்கூட்டல்களை இணைக்கும் பட்டியலும் கான்ஃபிக்கில் வேண்டாம். தூத்துக்குடிக்கு எதிரே டூட்டிகோரின் என்று நூறு வரி போகும். அது தரவு, அதற்குச் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) போதும்.

இனி ஆய்வு முடிவுகளுக்கான கோப்பு. உங்களிடம் யாமல் ஏற்கெனவே இருப்பதாகச் சொல்வதால் அதிலேயே காட்டுகிறேன். சாவிகளை (மதிப்புகளின் பெயர்களை) தமிழில் எழுதியிருக்கிறேன், யாமல் அதைத் தடுப்பதில்லை.

பகுப்பாய்வு:
  பருவ_மாதங்கள்: [10, 11, 12]
  மழைநாள்_வரம்பு_மிமீ: 2.5   # வானிலைத் துறை வரையறை
  கனமழை_வரம்பு_மிமீ: 64.5
  இயல்பு_தொடக்க_ஆண்டு: 1971
  இயல்பு_முடிவு_ஆண்டு: 2020
  நாள்_தொடங்கும்_நேரம்: "08:30"
  மாவட்ட_எல்லை: "38_மாவட்டம்"
  கட்டம்_சேர்க்கும்_முறை: "பரப்பு_எடை"
  விடுபட்ட_நாள்_உச்சம்_சதவீதம்: 10

அலகு சாவியின் பெயரிலேயே இருப்பதைக் கவனியுங்கள். வெறும் "வரம்பு: 2.5" என்று வைத்தால், ஆறு மாதம் கழித்து யாராவது சென்டிமீட்டர் என்று நினைத்து 0.25 ஆக்குவார்கள். அந்த யாராவது பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள். எதிரே குறிப்பில் எண் ஏன் அது என்று எழுதுங்கள். எண் என்னவென்று எழுதத் தேவையில்லை, அதுதான் கண்ணெதிரே இருக்கிறதே. இந்தக் கோப்பு கிட்டுக்குள் இருக்க வேண்டும். அதில் ஒரு வரி மாறினால் அதற்கென்று தனிக் கமிட், "நெறியாளர் கேட்டபடி 1 மி.மீ. வைத்துப் பார்க்கிறோம்" என்று காரணத்தோடு.

"08:30"ஐ மேற்கோள்குறிக்குள் போட்டதற்குக் காரணம் உண்டு. பைதானில் யாமலைப் படிக்க எல்லோரும் பயன்படுத்தும் பையாமல் என்ற நூலகம், யாமலின் பழைய 1.1 பதிப்பின் விதிகளைப் பின்பற்றுகிறது. அந்த விதிப்படி குறியில்லாத 8:30 என்பது அறுபதின் அடிமானத்தில் எழுதிய எண். உங்களுக்குக் கிடைப்பது 510. முன்னால் சுழியம் போட்டு 08:30 என்று எழுதினால் அதே நூலகம் அதைச் சரமாகவே (எழுத்துத் தொடராகவே) விட்டுவிடும். ஒரு சுழியத்தில் தரவு வகையே மாறிவிடுகிறது. 2001 கணக்கெடுப்பின் ஈரிலக்க மாவட்டக் குறியீடுகளைக் குறியில்லாமல் பட்டியலிட்டால் வேடிக்கை இன்னும் நன்றாக இருக்கும்: 07 என்பது 7 என்ற எண்ணாகும், 08உம் 09உம் எட்டின் அடிமானத்தில் செல்லாதவை என்பதால் சரமாகத் தங்கும், 10 மறுபடி எண். யாராவது மூன்றிலக்கமாக்கி 010 என்று எழுதினால் அது 8. பிறகு அட்டவணைகளை இணைக்கும்போது இரண்டு மாவட்டம் மட்டும் ஏன் ஒட்டுகிறது, மற்றவை ஏன் ஒட்டவில்லை என்று ராத்திரி முழுக்கத் தேடிக்கொண்டிருக்கலாம். நார்வேயின் ஈரெழுத்துக் குறியீடான NO "இல்லை" என்று பொருள்பட்டு பொய் மதிப்பாக மாறும் கதை ஊரறிந்தது. 1e-6 என்று புள்ளியில்லாமல் எழுதிய சிறு எண் சரமாகிவிடுவது அவ்வளவாகத் தெரியாதது, 1.0e-6 என்று எழுத வேண்டும். ஒரே சாவியை இரண்டு முறை எழுதினால் பையாமல் முணுமுணுக்காமல் கடைசியில் வந்ததை எடுத்துக்கொள்ளும்.

புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் நான் டாமல் என்ற இன்னொரு கோப்பு வடிவத்தைத் தேர்வேன். சரத்துக்குக் குறி கட்டாயம், சுழியத்தில் தொடங்கும் எண்ணைப் பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும், பைதான் 3.11 முதல் அதைப் படிக்கும் மாட்யூல் மொழியோடே வருகிறது. தமிழ்ச் சாவிகளுக்கு மட்டும் அதில் மேற்கோள்குறி தேவைப்படும். ஆனால் இருக்கும் யாமலை இதற்காகப் பெயர்க்க வேண்டியதில்லை. சரங்களுக்கெல்லாம் குறி போடும் பழக்கம் ஒன்றே முக்கால்வாசிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

பைதான் கோப்பிலேயே செட்டிங்ஸ் வைப்பதைப் பலர் திட்டுவார்கள். தனி ஆளாகச் செய்யும் சிறு வேலைக்கு அது போதும் என்பது என் கருத்து. சிக்கல் எங்கே தொடங்கும் என்றால், பைதான் என்பதால் அதில் "சர்வரில் இருந்தால் இது, இல்லையென்றால் அது" என்று நிபந்தனை எழுதத் தோன்றும். எழுதிய நாளிலிருந்து, கோப்பைப் படித்து மதிப்பு என்ன என்று சொல்ல முடியாது; ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கணினி சார்ந்தவை சுருக்கமாக. தரவு எங்கே, விடை எங்கே போக வேண்டும், எத்தனை கோர், தற்காலிகக் கோப்பு எங்கே. இவை கிட்டுக்கு வெளியே ஒரு சின்னக் கோப்பில் இருக்கட்டும். கிட்-இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் பட்டியல்) அதன் பெயரைச் சேர்த்துவிட்டு, மாதிரிக் கோப்பு ஒன்றை மட்டும் கிட்டில் வையுங்கள். என்விரான்மென்ட் வேரியபிளும் (நிரல் ஓடும் சூழலில் வைக்கும் மதிப்பு; டாட்-என்வ் கோப்பு அதற்குத்தான்) நன்று, சர்வரில் வேலை அனுப்பும்போது அதுதான் வசதி. இணையச் செயலிகளை ஓட்டித் தரும் ஹெரோக்கு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் 2011 வாக்கில் எழுதிய "டுவெல்வ் ஃபேக்டர்" வழிகாட்டியைக் காட்டி, எல்லாச் செட்டிங்கையும் என்விரான்மென்ட்டில் வை என்று யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். அந்த வழிகாட்டி இணையச் செயலிகளைப் பற்றியது. ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் மாறுபடும் டேட்டாபேஸ் முகவரி போன்றவற்றைத்தான் அது கான்ஃபிக் என்கிறது, செயலியின் உள் அமைப்புகளைச் சேர்க்கவில்லை. மழைநாள் வரம்பை என்விரான்மென்ட்டில் வைத்தால், அந்த டெர்மினலை மூடியதும் உங்கள் ஆய்வு முடிவின் தடயமே போய்விடும்.

பாஸ்வேர்டு, ஏபிஐ சாவி (இணையச் சேவையை அணுகும் ரகசியக் குறி) எதுவும் கிட்டில் கூடாது. தெரியாமல் போட்டுவிட்டால் அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயனில்லை, பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். சாவியையே மாற்றிவிடுங்கள்.

கோப்பு தயாரானபின் அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் அடுத்த குழி. உங்கள் ஸ்கிரிப்ட்களில் கான்ஃபிக்கை அகராதியாக (பைதான் டிக்ஷனரி) படித்து, சாவி இல்லையென்றால் 2.5 எடுத்துக்கொள் என்று எழுதும் வழக்கம் இருக்கும். தயவுசெய்து விட்டுவிடுங்கள். சாவியில் ஒரு புள்ளி தவறி "மழைநாள்_வரமபு_மிமீ" என்று நெறியாளர் கேட்ட 1ஐ எழுதினால், நிரல் புகார் சொல்லாமல் 2.5லேயே ஓடும். நீங்கள் மாற்றியதாக நம்பிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் பத்தாவது இடத்தைவிட மோசம் இது, ஏனென்றால் இங்கே எல்லா அட்டவணையும் ஒத்துப்போகும்.

இதற்குப் பைடான்டிக் என்ற பைதான் நூலகம் உதவும். எந்தச் சாவி, என்ன வகை, எந்த எல்லைக்குள் என்று ஒரு கிளாஸில் சொல்லிவிட்டு, தெரியாத சாவி வந்தால் மறு என்ற விருப்பத்தையும் உறையவை (படித்தபின் மதிப்பை மாற்ற விடாதே) என்ற விருப்பத்தையும் போடுங்கள். இரண்டு வரிதான். சொந்தமாக ஒன்றிரண்டு சோதனையும் சேருங்கள்: முடிவு ஆண்டு தொடக்க ஆண்டுக்குப் பிந்தியதா, மாதங்கள் 1 முதல் 12க்குள்ளா, கனமழை வரம்பு மழைநாள் வரம்பைவிடப் பெரியதா. பைப்லைன் தொடங்கும் முதல் நொடியில் ஒரே ஒரு முறை படித்து, சோதித்து, அதற்கப்புறம் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அதற்கு வேண்டிய மதிப்பை மட்டும் ஆர்கியுமென்ட்டாகக் கொடுங்கள். மழைநாளை எண்ணும் ஃபங்ஷனுக்கு வரம்பு தெரிந்தால் போதும், கான்ஃபிக் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரிய வேண்டாம். ஃபங்ஷன்கள் தாமாகக் கான்ஃபிக்கை இம்போர்ட் செய்யத் தொடங்கினால், சோதித்துப் பார்ப்பதும் கடினம், எது எதைப் பயன்படுத்துகிறது என்று கண்டுபிடிப்பதும் கடினம்.

வரம்பை மாற்றி மாற்றிப் பார்க்கக் கான்ஃபிக்கின் நகல்களை உருவாக்காதீர்கள். "கான்ஃபிக்_புதியது_2_இறுதி" என்று ஐந்து நகல் இருந்தால் அவற்றுக்குள் என்ன வேறுபாடு என்று யாருக்கும் தெரியாது. அடிப்படைக் கோப்பு ஒன்று; அதற்கு மேல் மாறும் வரியை மட்டும் கொண்ட சின்னக் கோப்பு ஒவ்வொரு சோதனைக்கும் ஒன்று. "மழைநாள் 1 மி.மீ." சோதனையின் கோப்பில் ஒரே ஒரு மதிப்பு. ஹைட்ரா என்ற கருவி இதற்கென்றே ஆனது. ஃபேஸ்புக்கின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்திலிருந்து வந்தது, நூற்றுக்கணக்கான சேர்க்கைகளை ஓட்டுபவர்களுக்கு அருமையானது. நான்கு சோதனைக்கு அது தேவையில்லை. இரண்டு அகராதியை இணைக்கும் பத்து வரி போதும்.

சரி, ஓட்டியாயிற்று. வெளிவந்த சிஎஸ்வி எந்த வரம்பில் வந்தது? கோப்பின் பெயரைப் பார்த்தால் தெரியாது, தேதியைப் பார்த்தாலும் தெரியாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு விடை ஃபோல்டர் வைத்து, அதற்குள் முழுக் கான்ஃபிக்கையும் எழுதிவிடுங்கள். அடிப்படைக் கோப்பு, சோதனைக் கோப்பு, கமாண்ட் வரியில் கொடுத்தது எல்லாம் சேர்ந்து கடைசியில் என்ன ஆனதோ அது. கூடவே கிட் கமிட்டின் எண், கமிட் செய்யாத மாற்றம் இருந்ததா என்பது, எந்த நாளில் இறக்கிய தரவு என்பது. நெட்சிடிஎஃப் (வானிலைத் தரவுக்கான கோப்பு வடிவம்) கோப்பாக இருந்தால் அதன் பண்புகளிலேயே எழுதலாம். வரைபடத்தின் அடியில் சின்ன எழுத்தில் அடிப்படைக் காலத்தையும் வரம்பையும் அச்சிடுங்கள், அதையும் கான்ஃபிக்கிலிருந்தே எடுத்து. என் எதிரெதிர்ப் பக்க அவமானம் அந்த ஒரு வரி இருந்திருந்தால் அச்சகம் வரை போயிருக்காது.

இன்னொன்று, பலரும் சொல்லாதது. 14 ஸ்கிரிப்ட் என்றால் இடைநிலைக் கோப்புகள் இருக்கும்: மாவட்ட தினசரி மழை, ஆண்டு மழைநாள் எண்ணிக்கை என்று. வரம்பை மாற்றியபின் கடைசி ஸ்கிரிப்டை மட்டும் ஓட்டினால் பழைய இடைநிலைக் கோப்பை எடுத்து அது சமர்த்தாகப் புது வரைபடம் போட்டுத் தரும். கான்ஃபிக் சரி, நிரல் சரி, விடை தவறு. ஸ்கிரிப்ட்களை வரிசையாக ஓட்டும் ஸ்னேக்மேக் கருவியைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு ரூலும் (அதில் ஒரு படி) எந்த மதிப்பைச் சார்ந்திருக்கிறதோ அதை அந்த ரூலின் பாராம்ஸ் பகுதியில் குறிப்பிடுங்கள். இப்போதைய பதிப்புகள் பாராம்ஸ் மாறினால் அந்த ரூலை மறுபடி ஓட்டும். ஸ்கிரிப்ட் நேராகக் கான்ஃபிக்கைப் படித்துக்கொண்டால் அந்த மாற்றம் அதன் கண்ணில் படாது. இதே வேலைக்கான டிவிசி கருவியிலும் இதே ஏற்பாடு: ஒவ்வொரு படியும் எந்தச் சாவிகளை நம்பியிருக்கிறது என்று பட்டியலிட்டால், அவை மாறும்போது அந்தப் படி மறுபடி ஓடும். இரண்டும் வேண்டாம் என்றால், கான்ஃபிக் மாறியதும் இடைநிலை ஃபோல்டரை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள். தமிழ்நாட்டு அளவுத் தரவுக்கு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

மாற்றத் தொடங்கும் முன் இப்போதுள்ள விடைகளை எல்லாம் ஒரு ஃபோல்டரில் பத்திரமாக எடுத்து வையுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மதிப்பை, எண்ணை மாற்றாமல், நிரலிலிருந்து கான்ஃபிக்குக்குக் கொண்டுபோங்கள். ஓட்டுங்கள், பழைய விடையோடு ஒப்பிடுங்கள், கமிட் செய்யுங்கள். ஓர் எண்கூட மாறக் கூடாது. மாறினால் பதற்றம் வேண்டாம். அந்த மதிப்பு இரண்டு ஸ்கிரிப்டில் இரண்டு விதமாக இருந்திருக்கிறது. எது சரி என்று நெறியாளரிடம் கேட்டுவிட்டு அடுத்த மதிப்புக்குப் போங்கள். முதலில் மழைநாள் வரம்பிலிருந்து ஆரம்பியுங்கள், பத்தாவது இடம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று அன்று மாலைக்குள் தெரிந்துவிடும்.